லிப்பிசானர் குதிரைக்குட்டி: வளர்ப்பும் பயிற்சியும்

லிப்பிசானர் என்பது ஐரோப்பாவின் பழமையான குதிரை இனங்களுள் ஒன்றாகும். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் சார்லஸ், 1580இல் இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள லிபிட்சா என்னும் ஊரில் தொடங்கிய பண்ணையிலிருந்து இவ்வினத்திற்குப் பெயர் வந்தது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உள்ள ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் வெள்ளைக் குதிரைகள் பின்னங்கால்களில் நின்றும், காற்றில் எழும்பியும் காட்டும் வித்தைகளால் இவ்வினம் உலகெங்கும் அறியப்பட்டது. அந்தப் பள்ளிக்கான குதிரைகள் 1920 முதல், ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்திலுள்ள பைபர் பண்ணையில் வளர்க்கப்படுகின்றன (இரண்டாம் உலகப்போர்க் காலமும் அதையடுத்த சில ஆண்டுகளும் விதிவிலக்கு).

இங்கு பிறக்கும் ஆண் குட்டியின் முதுகில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வரை எவரும் ஏறி அமர்வதில்லை. அதுவரை குட்டி சும்மா வளர்கிறது என்று பொருளல்ல. பின்னாளில் அது கற்கப்போவதில் பெரும்பகுதி இந்த ஆண்டுகளிலேயே தீர்மானமாகிறது.

பிறப்பும் முதல் நாளும்

குதிரையின் கருக்காலம் சுமார் 11 மாதங்கள். பிறப்பு நெருங்கும்போது தாய்க்குதிரையின் மடி பெருத்து, காம்பு நுனிகளில் மெழுகு போன்ற துளிகள் தோன்றும். பெரும்பாலான குதிரைகள் ஆள் அரவம் அடங்கிய இரவு நேரத்திலேயே ஈனுகின்றன. ஆகவே பண்ணைகளில் இரவுக் காவல் தவிர்க்க முடியாதது.

குட்டி பிறந்தபின் பண்ணையாளர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றனர். ஒரு மணி நேரத்திற்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்திற்குள் தாயின் நஞ்சுக்கொடி முழுமையாக வெளியேற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டியதுதான்.

இவற்றுள் பால் குடிப்பதே உயிர்நாடியானது. மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. எனவே குட்டி ஏறக்குறைய எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிறக்கிறது. சீம்பால் வழியாகவே அதைப் பெறுகிறது. குட்டியின் குடல் இப்பொருள்களை உறிஞ்சும் திறன் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடும். மறுநாள் எவ்வளவு பால் குடித்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. இதனால் பண்ணைகளில் குட்டியின் இரத்தத்தைச் சோதித்து எதிர்ப்புப் பொருளின் அளவு அறியப்படுகிறது. போதாதபோது மற்றொரு குதிரையின் சேமித்த சீம்பாலோ, இரத்த நீர்மமோ கொடுக்கப்படுகிறது.

நோய் புகுந்தால் ஒரு பண்ணை எவ்வளவு எளிதில் குலையும் என்பதைப் பைபர் அனுபவித்திருக்கிறது. 1983இல் அங்கு பரவிய வைரஸ் நோயில் சுமார் 40 குதிரைகள் இறந்தன. பிறக்கவேண்டிய குட்டிகளிலும் இழப்பு ஏற்பட்டது.

நிறமும் பெயரும்

வெள்ளைக் குதிரைகளைப் பார்க்கவென்று பைபருக்கு வருவோருக்கு முதல் வியப்பு குட்டிகளின் நிறம். அவை கறுப்பாகவோ, அடர் பழுப்பாகவோ பிறக்கின்றன. ஒரு மரபணுவின் விளைவாக ஆண்டுதோறும் நரை கூடி, 6 முதல் 10 வயதுக்குள் வெண்மையடைகின்றன. அரிதாக ஒரு குட்டி கடைசிவரை பழுப்பாகவே இருந்துவிடும். அதைக் குறையாகக் கருதாமல், நற்பேறு தரும் என்று நம்பி, வியன்னாப் பள்ளியில் பழுப்புக் குதிரை ஒன்றை வைத்திருப்பது மரபு.

ஆண் குதிரைகளுக்கு இரட்டைப் பெயர் உண்டு. முதற்பெயர் தந்தைவழி மரபின் மூலக்குதிரையுடையது: புளூட்டோ, கன்வெர்சானோ, மாயெஸ்டோசோ, ஃபேவரி, நியாப்பொலித்தானோ, சிக்லாவி ஆகிய ஆறு மரபுகள் உள்ளன. இரண்டாம் பெயர் தாயுடையது. பள்ளியின் இயக்குநராக இருந்த அலோய்ஸ் பொதாய்ஸ்கியின் புகழ்பெற்ற குதிரை நியாப்பொலித்தானோ ஆப்பிரிக்கா. அதன் தாயின் பெயர் ஆப்பிரிக்கா. தந்தையோடு தாயையும் பெயரிலேயே சுமக்கும் வழக்கம் இது.

செல்லமும் எல்லையும்

முதல் மாதங்களில் குட்டி தாயோடும், பிற தாய்க்குதிரைகள், குட்டிகளோடும் கூட்டமாக வளர்கிறது. காதைப் பின்னுக்கு மடக்கினால் கோபம், தலையைத் தாழ்த்தி வாயை மென்றால் பணிவு என்ற குதிரைகளின் பேச்சு அதற்குக் கூட்டத்திலேயே புரியவருகிறது. அத்துமீறும் குட்டியை மூத்த குதிரைகள் கடித்தோ, விரட்டியோ திருத்திவிடும்.

மனிதர் செய்யும் பிழை பெரும்பாலும் அன்பினால் வருவது. சுமார் 50 கிலோ எடையுள்ள குட்டி முன்னங்கால்களைத் தூக்கி ஒருவர் தோளில் போடுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதே குதிரை 450 கிலோ எடையை அடைந்தபின் அதையே செய்தால் எலும்பு முறியும். கையில் தீனி கொடுத்துப் பழக்கிய குட்டி, தீனி இல்லாத கையைக் கடிக்கும். தாயை இழந்து, மனிதரிடம் புட்டிப்பால் குடித்துத் தனியே வளர்ந்த குட்டிகளிடம் இக்குறை கூடுதலாகத் தென்படும்; மனிதரைத் தன் இனமாக எண்ணி அவரோடு முரட்டு விளையாட்டு ஆடும். ஆகவேதான் அத்தகைய குட்டிக்கு வேறொரு தாய்க்குதிரையைச் செவிலியாகத் தேடுகின்றனர்.

நல்ல பண்ணையில் குட்டி அன்றாடம் சிறிதளவு கையாளப்படுகிறது: தலைக்கயிறு மாட்டுவது, தாய்க்குப் பக்கத்தில் நடத்துவது, உடலைத் தேய்ப்பது, குளம்பைத் தூக்கிப் பிடிப்பது. குளம்பைத் தூக்கக் கொடுக்கும் பழக்கம் சிறிய செயலாகத் தோன்றும். ஆனால், குளம்பு சீவுபவரும் மருத்துவரும் வாழ்நாள் முழுவதும் குதிரையை அணுகுவது இதை நம்பித்தான். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் போதும். குட்டி அமைதியாக நிற்கும்போதே கையை எடுக்க வேண்டும். அது உதறும்போது விட்டால், உதறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

மலை மேய்ச்சல்

ஏறத்தாழ ஆறு மாதத்தில் குட்டிகள் பால்குடி மறக்கச் செய்யப்பட்டு, ஒத்த வயதுக் குட்டிகளோடு சேர்க்கப்படுகின்றன. பிறகு ஆண், பெண் எனக் கூட்டங்கள் பிரிகின்றன. கோடையில் இளங்குதிரைகளை ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளுக்கு அனுப்புவது பைபரின் சிறப்பு. செப்டம்பரில் அவை இறங்கி வரும் நாள் ஊர்த்திருவிழாவாகவே கொண்டாடப்படுகிறது.

மலையில் சமதளம் இல்லை. கல்லிலும் சரிவிலும் கால் வைக்கும் இடத்தைக் குதிரையே தேர்ந்துகொள்ள வேண்டும். குளம்பு கெட்டியாகிறது, தசைநார்கள் உறுதிப்படுகின்றன, நுரையீரல் வலுக்கிறது. இளம் ஆண் குதிரைகள் ஒன்றோடொன்று பொய்ச்சண்டை போடும்போது பின்னங்கால்களில் எழும், துள்ளும், காற்றில் உதைக்கும். வியன்னா அரங்கில் லெவாட், கூர்பெட், காப்ரியோல் என்ற பெயர்களில் காட்டப்படும் வித்தைகளின் பச்சை வடிவம் இதுவே. பயிற்சியாளர் புதிதாக ஒன்றைத் திணிப்பதைவிட, குதிரை தானாகச் செய்வதை ஒழுங்குபடுத்துகிறார் என்பதே பொருத்தம்.

ஏன் காத்திருக்க வேண்டும்

குதிரையின் நீளெலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள தட்டு சுமார் இரண்டரை வயதில் இறுகுகிறது. சவாரியாளரின் எடையைத் தாங்கும் முதுகெலும்பு இறுக ஐந்து வயதுக்கு மேலாகிறது. லிப்பிசானர் மெதுவாக முதிரும் இனம் வேறு.

பந்தயக் குதிரைகளில் நிலைமை நேரெதிரானது. இரண்டு வயதிலேயே அவை பந்தயத்தில் ஓடுகின்றன. இளவயதில் அளவான ஓட்டம் எலும்பை வலுப்படுத்தும் என்ற வாதமும் உண்டு. ஆனால் புகழ்பெற்ற பந்தயங்கள் மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரியவை என்பதால், அவசரத்திற்குப் பணமும் ஒரு காரணம் என்பதை மறுப்பது கடினம்.

வியன்னாவில்

நான்கு வயதளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண் குதிரைகள் வியன்னாப் பள்ளிக்கு வருகின்றன. முதலில் நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தப்படுகின்றன. சேணத்திற்குப் பழகியபின், சவாரியாளர் ஏறுகிறார். முதல் ஆண்டில் நேராக, தளர்வாக முன்னோக்கிச் செல்வது மட்டுமே பாடம். அடுத்த கட்டத்தில் வளைவுகளும் நடை மாற்றங்களும் வருகின்றன. உயர்நிலை வித்தைகள் அதற்குப் பின்னரே. முழுப் பயிற்சி முடியச் சுமார் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காற்றில் எழும்பும் வித்தைகள் எல்லாக் குதிரைக்கும் வருவதில்லை. எதற்கு எந்தத் திறன் இயல்போ அதுவே வளர்க்கப்படுகிறது.

இப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு: புதிய மாணவருக்குத் தேர்ந்த முதிய குதிரை ஆசான், புதிய குதிரைக்குத் தேர்ந்த சவாரியாளர் ஆசான். அனுபவமற்ற இருவரை ஒன்றாக விடுவதில்லை. சவாரியாளரின் அங்கி வாலில் சர்க்கரைக் கட்டிகளுக்கென்றே மறைவான பை தைக்கப்பட்டுள்ளது. கையிலிருப்பது மெல்லிய பிர்ச் மரக்குச்சி.

பெண் குட்டிகள் பைபரிலேயே தங்கி, சவாரியிலும் வண்டியிலும் சோதிக்கப்பட்டபின் தாய்க்குதிரைகளாகின்றன.

1945இல் இந்தத் தொடர் அறுந்துபோக இருந்தது. போர்க்காலத்தில் பொஹீமியாவின் ஹோஸ்டாவுக்கு மாற்றப்பட்டிருந்த தாய்க்குதிரைகளையும் குட்டிகளையும் அமெரிக்கக் குதிரைப்படைப் பிரிவொன்று மீட்டது. ஆண் குதிரைகள் மட்டும் தப்பியிருந்தால் வியன்னா அரங்கு சில ஆண்டுகள் நடந்திருக்கும். அதன்பின் ஏறிச் சவாரி செய்யக் குதிரை இருந்திராது. லிப்பிசானர் வளர்ப்பு மரபு 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வியன்னாவில் திறன் காட்டிய ஆண் குதிரைகளுள் சில மட்டும் இனப்பெருக்கத்திற்காகப் பைபருக்குத் திரும்புகின்றன. ஒரு குட்டியின் திறனும் குணமும் முழுமையாகத் தெரியப் பத்தாண்டுகள் ஆவதால், இணை சேர்ப்பதில் இன்று செய்யும் பிழை பத்தாண்டுகளுக்குப் பின்னரே பண்ணையின் கண்ணில் படும்.