காலாங் ஆற்றை எதிர்த்து ஒரு நடை

"காடு, மலை, ஆறு எல்லாம் உங்கள் பக்கம்தான். இங்கே என்ன இருக்கிறது, வெறும் கட்டடம்!" பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சிங்கப்பூர் நண்பர்கள் என்னிடம் சொன்ன வாசகம் இது. ஜொகூரிலிருந்து வந்தவள் என்பதால் குனோங் லம்பாக்கும் குனோங் லேடாங்கும் என் வீட்டுக் கொல்லையில் இருப்பதாக அவர்களுக்கு ஓர் எண்ணம். நானும் மறுக்கவில்லை. இரண்டாண்டுகள் ஆங் மோ கியோ அவென்யூ 1-இல் வாடகை அறையில் தங்கியிருந்தும், சன்னலுக்குக் கீழே ஓடுவது சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு என்பது எனக்கே தெரியாது!

காலாங் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பத்துக்குள் அடங்கியிருக்கும் கதை பெரிது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, ஆங் மோ கியோ, பீஷான், தோ பாயோ ஓரமாக வந்து, காலாங் படுகையை அடைகிறது. 1819-இல் ஆங்கிலேயர் வந்தபோது அந்த முகத்துவாரத்தில் ஓராங் காலாங் எனப்படும் மக்கள் படகுகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1824-இல் தெமெங்கோங் அவர்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம்பெயர்த்தார். ஆற்றின் பெயர் இங்கே தங்கிவிட்டது. மனிதர்கள் எங்கள் பக்கம் போய்விட்டார்கள்.

பொதுவாக ஆற்றோடு நடப்பவர்கள் மேலிருந்து கீழே வருவார்கள். நான் எதிர்த்து நடக்கச் சொல்வேன். கட்டடங்களிலிருந்து காட்டுக்குள் போகும்போதுதான் வேறுபாடு தெரியும்.

தொடக்கம் பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா. 1988-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் ஓரத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடு போட்டதுபோல் ஒரு கான்கிரீட் கால்வாய் இருந்தது. மழைநீரை எவ்வளவு விரைவாகக் கடலுக்கு அனுப்புவது என்பதே அன்றைய கவலை. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றின. 2012 மார்ச்சில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. கரையைத் தாங்கி நிற்பது இப்போது கான்கிரீட் அல்ல. பாறையும் செடிகளின் வேருமே. நம் வெப்பத்துக்கும் மழைக்கும் எந்த முறை தாக்குப்பிடிக்கும் என்று அறிய, 60 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு வடிகாலில் பத்து முறைகளைச் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள். உடைத்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி ஒரு குன்றும் எழுப்பியிருக்கிறார்கள். ஏறிப் பாருங்கள், பழைய கால்வாயின் மேல்தான் நிற்கிறீர்கள்.

வறண்ட நாளில் இந்த ஆறு சில மீட்டர் அகலம்தான். பிள்ளைகள் கல்மேல் கால்வைத்துத் தாண்டுவார்கள். கனமழை பெய்தால் இருபுறப் புல்வெளியும் ஆறாகிவிடும். பழைய கால்வாயின் அகலம் அதிகம் போனால் 24 மீட்டர். இன்று வெள்ளத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வரை இடம் உண்டு. நீர்மட்டம் உயரும்போது விளக்கு எரியும், அபாயச் சங்கு ஒலிக்கும். முதல் முறை அதைக் கேட்டபோது ஏதோ தீ விபத்து என்று நினைத்து நான் தவறான பக்கம், அதாவது ஆற்றை நோக்கியே, ஓடினேன். நீங்கள் மேட்டை நோக்கி ஓடுங்கள்!

2014 முதல் இங்கே நீர்நாய்க் குடும்பம் ஒன்று காணப்பட்டதும், பிறகு அது மரினா பக்கம் குடிபெயர்ந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. படம் எடுத்துச் சலித்துவிட்டார்கள். நான் கடந்துசெல்கிறேன்.

பூங்காவுக்கு மேற்கே ஆற்றை விட்டுவிட்டு, சாலையோரமாக ஏறத்தாழ அரைமணி நேரம் நடக்க வேண்டும். சுவையற்ற பகுதி. அதுவரை பேசிக்கொண்டு போக, ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு செய்தி. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்றால் செம்முடிக்காரன், அதாவது வெள்ளைக்காரன். 'கியோ' என்பதை இன்று பாலம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். யார் அந்தச் செம்முடிக்காரர்? 1841 முதல் 1853 வரை அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்பார் சிலர். அப்பர் தாம்சன் சாலைக்கும் அவர் பெயர்தான். 1973-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரத்தைக் கட்டத் தொடங்கும் முன்பு இங்கே கம்பங்களும் தோட்டங்களும் இருந்தன.

அடுத்து லோவர் பியர்ஸ். காலாங் ஆற்றை மறித்து 1910-இல் உருவான இந்த நீர்த்தேக்கம் தீவின் இரண்டாவது நீர்த்தேக்கம். நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயர் 1922-இல் சூட்டப்பட்டது. 1970-களில் மேலே இன்னோர் அணை கட்டி 'அப்பர் பியர்ஸ்' என்று தனியே பிரித்ததால் இது 'லோவர்' ஆனது. நீரைச் சுற்றிலும் தாழ்வான, மரமடர்ந்த குன்றுகள். உயரம் என்று பெருமை பேச ஒன்றுமில்லை. சிங்கப்பூரின் மிக உயர்ந்த புக்கிட் தீமாவே 163 மீட்டர்தானே! ஆனாலும் அணைக்கு அப்பால் ஓர் அடுக்குமாடி வீடுகூடக் கண்ணில் படாத ஒரு வளைவு உண்டு. அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். குரங்குகள் நம்மைவிட முன்னமே வந்து காத்திருக்கும்.

கரையோரக் காட்டுக்குள் 900 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நண்பர்களோடு முதலில் போனபோது, "பார்த்தாயா, எங்களிடமும் கன்னிக்காடு இருக்கிறது!" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சென்ற விடுமுறையில் ஜொகூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த பாட்டியைப் பேருந்தில் அதே இடத்துக்கு அழைத்துச் சென்றேன். பத்து நிமிடம் நடந்திருப்போம். பாட்டி நின்றார்.

"கண்ணு, இது பால்மரம்டி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் 'நான் ஒரு ரப்பர் மரம்' என்று தன்கதை எழுதி முதல் பரிசு வாங்கியவள் நான். பாட்டி இருபத்தாறு ஆண்டுகள் மரம் வெட்டியவர். கட்டுரையை அவரிடம் படித்துக்காட்டியிருக்கிறேன். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இடைநிலைக்குத் தேசியப் பள்ளிக்குப் போனபின் தோட்டத்து ஆள் என்று சொல்லிக்கொள்வதையும் தவிர்த்தேன். மரத்தை எதிரில் வைத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

உண்மையில் அது கன்னிக்காடு அல்ல. ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நடப்பட்ட நிலம். கைவிட்ட பிறகு காடு திரும்ப வந்து மூடிக்கொண்டது. ரப்பர் இந்த வட்டாரத்தில் பரவியதே சிங்கப்பூரிலிருந்துதான். 1877-இல் தாவரவியல் பூங்காவுக்கு 22 கன்றுகள் வந்தன. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதன் பிறகு மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக வந்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

பாட்டி அந்த அடிமரத்தை ஓர் ஏட்டைப் போலப் படித்தார். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் கோடு இடமேலிருந்து வலக்கீழாக இறங்க வேண்டும். உளியால் ஒரு நாளைக்குச் சீவ வேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டை. ஆழம் தப்பி உளி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஆறினாலும் அங்கே முண்டு விழும். "இங்க பாரு, எத்தன முண்டு! புது ஆளு வெட்டுன மரம். கங்காணிகிட்ட நல்லா ஏச்சு வாங்கிருப்பான்" என்று சிரித்தார். ஏன் விடியுமுன் வெட்ட வேண்டும் என்று அன்றுதான் கேட்டேன். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் சுரப்பும் குறையும். இது பாடநூல் விளக்கம். பாட்டி சொன்னது: "வெயில் வந்தா மரத்துக்கும் தாகம் எடுக்கும்ல?"

அந்த 900 மீட்டரைக் கடக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், லயம் என்று பாட்டி சொல்லிக்கொண்டே வந்த சொற்களைக் கைத்தொலைபேசியில் தட்டிக்கொண்டே வந்தேன். 'மங்கு' மலாய் மொழியின் 'மங்குக்' என்பதும், 'லயம்' ஆங்கில 'லைன்' என்பதும் எனக்குப் புரிந்தன. பாட்டிக்கு அவை எல்லாமே தமிழ்தான்.

இதற்கு மேலும் நடக்கத் தெம்பிருந்தால் பழைய அப்பர் தாம்சன் சாலை இருக்கிறது. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி கார்ப்பந்தயம் நடந்த, கொடிய வளைவுகள் கொண்ட சாலை இது. இன்று அதன் ஒரு தடத்தை மூடி, மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். இம்முறை வாகனங்களுக்கு அல்ல. அரிதாகிவிட்ட ஒருவகைக் கருங்குரங்கு மரம்விட்டு மரம் கடப்பதற்கு. சாலையை ஒட்டி 2019-இல் திறக்கப்பட்ட தாம்சன் இயற்கைப் பூங்கா, முன்பு ஹைனானியர் வாழ்ந்த கிராமம். படிக்கட்டுகளும் இடிந்த சுவர்களும் பெரணிக்குள் மறைந்து கிடக்கின்றன. ஹான் வாய் தூன் என்பவரின் ரம்புத்தான் தோட்டம் இருந்த இடத்தையும் அங்கே காணலாம். அவர் சீனப் பீங்கான் ஆராய்ச்சியாளரும்கூட. காலை 7 மணிக்குப் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கையில் நெகிழிப்பை வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.

பாட்டி அதுவரை வரவில்லை. அவர் வேலைசெய்த தோட்டத்தில் மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு அதையும் அழித்து வீடமைப்புப் பகுதி எழுப்பினார்கள். லயம் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் நிலையம். கடைசியாக எப்போது பால்மரத்தைத் தொட்டோம் என்று அவருக்கே நினைவில்லை. பலகைப் பாதை முடியும் இடத்தில், கைப்பிடிக்கு வெளியே கையை நீட்டி ஒரு மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். கீழே விழுந்திருந்த புள்ளி போட்ட ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்து, சிறுவயதில் நாங்கள் செய்ததுபோல் பலகையில் பரபரவென்று தேய்த்து, சூடாக என் கையில் வைத்தார். நான் "ஆ!" என்று கத்தினேன். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பாட்டி, இது பாதுகாக்கப்பட்ட காடு. இங்கேயிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். முடிச்சை அவிழ்த்து, கொட்டையை அந்த மரத்தின் வேரோரமாகப் போட்டுவிட்டு, "சரி வா, டீ குடிக்கலாம்" என்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.