வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தியோகம்

தமிழில் 'பாதுகாப்பு' என்னும் ஒரு சொல் இரண்டு வேறு தொழில்களைத் தாங்கி நிற்கின்றது. பெரிய ஆலையின் வாயிலில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் வீரர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர். அதே ஆலையின் உள்ளே, சாரத்தின் கட்டு உறுதியாக இருக்கின்றதா, மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் பழுது பார்க்கின்றார்களா என்று சோதிப்பவரும் தொழில் பாதுகாப்பு அதிகாரியே. மராத்தியிலும் 'சுரக்ஷா' என்ற சொல் இவ்விரு பொருளையும் சுமக்கின்றது. ஆகவே, "என் மகனுக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை" என்று புனேயில் ஒரு தாய் சொன்னால், கேட்பவர் சீருடையையும் விசிலையுமே மனத்தில் காண்கின்றார். முதலாமவர் திருடனைத் தடுப்பவர். இரண்டாமவர் விபத்தைத் தடுப்பவர். இந்தப் பேச்சு இரண்டாமவரைப் பற்றியது. அதிலும், எரிசக்தித் துறையை மேற்பார்வை செய்யும் அரசாங்க வாரியம் ஒன்று அத்தகைய நிபுணரை நியமிக்கும்போது எதைப் பார்த்து நியமிக்கவேண்டும் என்பதைப் பற்றியது.

ஔந்தில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது தொலைவான பொருள் அன்று. (சாத்தாரா மாவட்டத்தில் பழைய சமஸ்தானத்துக்குப் பெயர் தந்த ஔந்த் வேறு, நாம் கூறுவது முளா ஆற்றங்கரையில், புனே நகரோடு கலந்துவிட்ட ஔந்த்.) இவ்வூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு, ஒரு சாலைக்கே அதன் பெயர்தான் வழங்குகின்றது. பக்கத்தில் கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை. பாஷாணில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுக்கூடம். ஆற்றைக் கடந்தால் பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஆலைகள். பிட்டராகவும், எலக்ட்ரீஷியனாகவும், எஞ்சினியராகவும் தம் பிள்ளைகளை ஆக்க விரும்பும் குடும்பங்கள் இங்கே பல. இந்தப் பிள்ளைகளுள் சிலர்க்கேனும் உகந்த உத்தியோகம் ஒன்று பலர் கண்ணில் படாமல் கிடக்கின்றது.

எரிசக்தியை ஒழுங்குபடுத்தும் அமைப்பு நம் நாட்டில் ஒன்றல்ல. ஔந்தில் நம் வீட்டு மின்கட்டணத்தை நிர்ணயிப்பது 1999இல் அமைந்த மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் முதன்மையான கவலை விலையும் உரிமமும். மின்கம்பி அறுந்து ஒருவர் இறந்தால் விசாரிப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் மின் ஆய்வாளர். அடுக்குமாடிச் சமையலறைக்குக் குழாய் வழியே வரும் எரிவாயுவுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் தர அளவுகளை வகுத்துள்ளது. அணுசக்திக்கு இருப்பது 1983 நவம்பர் 15ஆம் நாள் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் தலைமையகம் மும்பையில் அணுசக்தி நகரில் உள்ளது. தொழில் பாதுகாப்பு நிபுணர்க்குத் தனியிடம் வகுத்திருக்கும் அமைப்பு என்ற முறையில், இங்கே இதையே விரிவாகப் பார்ப்போம்.

அணுவைக் கண்காணிக்கும் வாரியத்துக்குக் கதிரியக்க விஞ்ஞானிகள் போதாதா, சாரத்தையும் ஏணியையும் சோதிப்பவர் எதற்கு என்று கேட்கலாம். இதற்குச் சட்டத்தில் ஒரு விடை இருந்தது. மற்ற தொழிற்சாலைகளில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை அமல் செய்தவை மாநில அரசாங்கங்கள். அணுசக்தித் தொழிற்சாலைகளுக்கு மட்டும் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை மத்திய அரசாங்கத்திடம் வைத்தது. நடைமுறையில் அது இந்த வாரியத்திடம் வந்தது. 1996இல் அதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. ஆகவே தாராப்பூரிலோ கல்பாக்கத்திலோ ஒரு தொழிலாளி கிரேன் கொக்கியில் அடிபட்டால், அதை ஆராயவேண்டியவர் மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளர் அல்லர், வாரியத்தின் ஆளே.

அனுபவமும் ஒரு விடை தருகின்றது. 1993 மார்ச் 31ஆம் நாள் அதிகாலையில் உத்தரப்பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில் பெருந்தீ மூண்டது. தொடக்கம் அணு உலையில் அன்று. டர்பைனின் இறக்கைகள் இரண்டு உலோகச் சோர்வால் முறிந்தன. சுழலும் தண்டு கடுமையாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிரச் செய்யும் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்களின் வழியே ஓடிற்று. மாற்று மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள்களும் போதிய தடுப்பின்றி அருகருகே கிடந்தமையால் அவையும் கருகின. சுமார் 17 மணி நேரம் அந்த அலகு மின்சாரமின்றி இருந்தது. உலை மீண்டும் உயிர்பெறாதிருக்க, ஊழியர்கள் கைவிளக்கோடு இருட்டில் ஏறிப் போரான் கரைசலைத் திறந்துவிட்டனர். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் தண்ணீர் செலுத்தினர். கதிரியக்கம் வெளியே பரவவில்லை. எனினும் உலோகச் சோர்வு, எண்ணெய்க் கசிவு, கேபிள் பாதை ஆகிய மூன்றும் எந்த ஆலையிலும் காணக்கூடிய சாதாரண விஷயங்கள். அணு விஞ்ஞானத்தில் கரைகண்டவர் கேபிள் பாதையைக் குனிந்து பார்த்திருக்கவேண்டும் என்பதில்லை. குனிந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் வேண்டியிருந்தது.

கட்டுமானம் நடக்கும் இடங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. அங்கே உலையும் இல்லை, கதிரும் இல்லை. உயிரைப் பறிப்பவை உயரத்திலிருந்து விழுதலும், மேலிருந்து விழும் பொருளும், மின்சாரமும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர்கள் அங்கே உழைக்கின்றனர். இந்த ஒப்பந்தத் தொழிலாளர்தாம் பாதுகாப்பு நிபுணரின் முதல் கட்சிக்காரர்கள்.

இனி, எத்தகையவரை நியமிப்பது? பட்டமும் டிப்ளொமாவும் விளம்பரத்தில் அச்சாகிவிடுகின்றன. அவற்றைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. விளம்பரத்தில் அச்சாகாத ஒன்று உண்டு. அதை விளக்க வடகடலுக்குச் செல்லவேண்டும்.

1988 ஜூலை 6ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் கடலின் நடுவே நின்ற பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தனர். அந்த வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடியிருந்தனர். பம்புக்கு ஒரு வேலை அனுமதிச் சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. இரவு முறைக்கு வந்தவர்கள் வால்வு கழற்றப்பட்டதை அறியவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே இந்தப் பம்பை ஓட்டினர். வாயு பீறிட்டது. விசாரணை செய்த கல்லன் பிரபு 1990இல் அறிக்கை தந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் அரசாங்க ஆய்வாளர் ஒருவர் அந்த மேடையைப் பார்த்துச் சென்றிருந்தார். சீட்டு முறையின் ஓட்டை அவர் கண்ணில் படவில்லை. ஆய்வாளர் தொகையும் போதாது, ஆய்வும் மேலோட்டமானது என்று கல்லன் கண்டார். எண்ணெய் உற்பத்தியை வளர்க்கும் எரிசக்தி இலாகாவே பாதுகாப்பையும் கவனித்து வந்தது. அந்தப் பொறுப்பை அதனிடமிருந்து எடுத்துத் தொழில் நலத்தையும் பாதுகாப்பையும் மட்டுமே பேணும் தனி நிர்வாகத்திடம் தரவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அவ்வாறே செய்தனர். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்த பின் அமெரிக்காவும் இதே வழியை மேற்கொண்டது: குத்தகைப் பணம் வசூலிப்பவர் வேறு, பாதுகாப்பைச் சோதிப்பவர் வேறு என்று பிரித்தது.

நம் வாரியத்தின் மீதும் இந்தக் கேள்வி நெடுங்காலம் இருந்தது. அது அணுசக்திக் கமிஷனுக்குக் கணக்குக் காட்டியது; கமிஷனின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். வாரியத்துக்குத் தனிச் சட்ட அந்தஸ்து இல்லை என்பதை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். அதற்கு முன் 2011இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே 2014இல் காலாவதியாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்திச் சட்டம்தான் வாரியத்துக்கு நேரடியான சட்ட அடிப்படையை வகுத்தது. அதே சட்டம் தனியார்க்கும் அணுமின் துறையில் இடம் தருகின்றது. இதுவரை ஆய்வாளர் எதிரே அமர்ந்திருந்தவர் மற்றோர் அரசாங்க அதிகாரி. இனி இலாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனியின் மானேஜராகவும் இருக்கலாம்.

ஆகவே விளம்பரத்தில் அச்சாகாத தகுதி, நிறுத்தச் சொல்லும் துணிவு. ஒரு நாள் உற்பத்தி நின்றால் இவ்வளவு ரூபாய் நட்டம் என்று மேசை மேல் கணக்கு வைக்கப்படும்போது, "சீட்டு சரியில்லை, வேலையை நிறுத்துங்கள்" என்று அமைதியாகச் சொல்லவேண்டும். நேர்முகத் தேர்வில் இதை எப்படிக் காண்பது? சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்வதால் பயனில்லை என்பது என் எண்ணம். நிரப்பப்பட்ட வேலை அனுமதிச் சீட்டு ஒன்றை விண்ணப்பதாரர் கையில் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லலாம். "நீங்கள் எப்போதாவது ஒரு வேலையை நிறுத்தியதுண்டா? பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கலாம். பிந்திய கேள்விக்கு வரும் விடையில் ஆள் தெரிந்துவிடுவார்.

ஆலையில் பல்லாண்டு உழைத்தவரை எடுப்பதா, பட்டம் பெற்ற இளைஞரை எடுத்துப் பழக்குவதா என்பதும் வாதத்துக்குரியது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துப் பயிற்சிப் பள்ளி 1957 முதல் இளைஞர்களைத் தேர்ந்து பழக்கி வருகின்றது; அவ்வழியே வருபவர் விஞ்ஞானத்தில் தேர்ந்தவர். ஆனால் கணக்கில் காட்டுவதற்காகவே எழுதப்படும் பதிவேட்டை முகர்ந்து பார்த்தே கண்டுகொள்பவர், ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர்தான். அவரிடம் வேறோர் அபாயம் உண்டு: நேற்றைய சகாக்களிடம் இன்று கண்டிப்பாக இருப்பது கடினம். தாம் உழைத்த ஆலைக்கே அவரைச் சில ஆண்டுகள் ஆய்வுக்கு அனுப்பாதிருந்தால் போதும். இதற்காக அவரை நியமிக்காமல் விடுவது நஷ்டம்.

சம்பளத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 1,000 தொழிலாளர் உள்ள தொழிற்சாலைக்கே பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக இருந்தார். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 500 ஆக்கிற்று. அபாயகரமான தொழில்முறைக்கும் கட்டுமானத்துக்கும் 250, சுரங்கத்துக்கு 100. எனவே தனியார் நிறுவனங்கள் இத்தகையோரைத் தேடும். அமெரிக்காவில் 2010க்குப் பிறகு எண்ணெய்க் கம்பெனிகளோடு போட்டியிட முடியாமல், ஆய்வாளர்க்குக் கூடுதல் சம்பளம் தரத் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. நம் வாரியங்களும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்கவேண்டியது இனி வருகின்றது. பழைய சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாநில விதிகளில் பாதுகாப்பு அதிகாரிக்குரிய தகுதிகளைப் படித்தால், பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காணப்படும்: அந்த வட்டாரத்துத் தொழிலாளருள் பெரும்பாலோர் பேசும் மொழியில் அவர்க்குப் போதிய அறிவு வேண்டும். புனேயில் அது மராத்தி, தமிழ்நாட்டில் தமிழ். 'மேலே போகாதே' என்ற எச்சரிக்கை புரியாத மொழியில் எழுதப்பட்டால் அது வெறும் பலகை. தாராப்பூரில் மராத்தியும் இந்தியும் வேண்டும்; கூடங்குளத்தில் தமிழும், வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்காக இந்தியும் வேண்டும். ஔந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், சினிமாவில் இந்தியும், கல்லூரியில் ஆங்கிலமும் பழகுகின்றது. இதைச் சிலர் மொழிக் குழப்பம் என்று வருந்துகின்றனர். இந்த உத்தியோகத்தில் அது டிப்ளொமாவுக்கு நிகரான தகுதி. வீட்டில் தமிழ் எழுதவும் கற்றுக்கொடுத்தால், கல்பாக்கத்துச் சாரத்தின் மேல் நிற்பவர் எழுதித் தரும் புகாரையும் அந்தப் பிள்ளை நேரே படிக்கும்.

படிப்பதற்கு வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. மும்பை சயானிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிலையத்தில் தொழிற் பாதுகாப்பு மேல்நிலை டிப்ளொமா ஓராண்டுப் படிப்பாக நடத்தப்படுகின்றது. சென்னையில் உள்ள வட்டாரத் தொழிலாளர் நிலையமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்துச் சான்றிதழோடு மட்டும் இப்படிப்பில் சேர இயலாது. எஞ்சினியரிங் டிப்ளொமாவோ பட்டமோ, பௌதிக அல்லது இரசாயனப் பட்டமோ வேண்டும். பழைய விதிகள் பட்டதாரி எஞ்சினியர்க்கு 2 ஆண்டும் டிப்ளொமாக்காரர்க்கு 5 ஆண்டும், தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த அனுபவத்தைக் கேட்டன. ஆகையால் தேர்வு முடிந்த மறுநாளே விண்ணப்பத் தாளைத் தேடாமல், முதலில் ஏதேனும் ஓர் ஆலையின் தளத்தில் இறங்கி நிற்பது நல்லது. இரவு முறை கிடைத்தால் மறுக்கவேண்டாம். ஒரு முறையிலிருந்து மறு முறைக்கு வேலை கைமாறும் அந்தக் கால்மணி நேரத்தில் என்ன சொல்லப்படுகின்றது, என்ன விடுபடுகின்றது என்பதை அங்கேதான் பார்க்கமுடியும்.