டர்போவின் ஆயுள் ரிட்டர்ன் லைனில்

நாவலூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போனால், கேளம்பாக்கம், திருப்போரூர் எல்லாம் தாண்டி, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பையனூர் வரும். டர்போ எனர்ஜி நிறுவனத்தின் டர்போசார்ஜர் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட தொழிற்சாலையில் தயாராகும் டர்போ, எந்த எஞ்சினில் உட்காரப்போகிறது என்பது தெரிந்தே வடிவம் பெறுகிறது. எண்ணெய் எந்த வழியாக ஏற வேண்டும், எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடும். டர்போ இல்லாமல் வந்த ஒரு பெட்ரோல் காருக்கு வெளியே கிட் வாங்கிப் பூட்டும்போதுதான் அந்தப் பொறுப்பு முழுவதும் மெக்கானிக் தலையில் விழுகிறது.

கிட் பெட்டியைத் திறந்ததும் டர்போவையும் இன்டர்கூலரையும்தான் எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு ஹோஸ் கிடக்கும். அதுதான் ஆயில் ரிட்டர்ன் லைன். அந்த டர்போ பத்து மாதம் உழைக்குமா, பத்து வருடம் உழைக்குமா என்பதில் இந்த ஹோஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்ற யோசனைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பிடித்தது 1962-இல், அமெரிக்காவில். ஒரே தண்டு, அதன் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள். ஒன்றைச் சூடான புகை சுழற்றும், மற்றது காற்றை அழுத்தும். சிறிய கார் டர்போவில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சர்வ சாதாரணமாகப் போகும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்டு பேரிங்கைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. பக்கத்திலேயே தகிக்கும் புகைச் சக்கரத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போவதும் இதே எண்ணெய்தான்.

உள்ளே போகும் எண்ணெய்க்குக் கவலையில்லை. ஆயில் பம்ப்பின் அழுத்தம் தள்ளுவதால் நாலைந்து மில்லிமீட்டர் துவாரமே அதற்குப் போதும். பேரிங்கைத் தாண்டியதும் அழுத்தம் தீர்ந்துவிடுகிறது. இனி எண்ணெய் தன் எடையால் மட்டுமே, எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்கியாக வேண்டும். அதுவும் எண்ணெயாக இறங்குவதில்லை. தண்டின் சுழற்சியில் அடிபட்டு, இரு பக்கமிருந்தும் கசியும் வாயுவோடு கலந்து, ஆற்றிய டீயைப் போல நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் ரிட்டர்ன் ஹோஸின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். ‘போகிற குழாய் இவ்வளவு சின்னது, வருகிற குழாய் எதற்கு இவ்வளவு பெரிது’ என்று அதைச் சுருக்கிவிடுபவர்கள் இந்த நுரையை மறந்துவிடுகிறார்கள்.

வழி சரியில்லை என்றால் என்ன ஆகும்? எண்ணெய் டர்போவின் நடுப்பகுதியிலேயே தேங்கும். தண்டின் இரு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். தெறிக்கும் எண்ணெயை அது தடுக்கும், தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுக்காது. சக்கரங்களின் பக்கம் அழுத்தம் இருக்கும்வரை எண்ணெய் அடங்கியிருக்கும். சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது அந்த அழுத்தம் குறைகிறது, எண்ணெய் வளையத்தைத் தாண்டிப் புகைச் சக்கரத்துக்குள் இறங்குகிறது, சைலன்சரில் நீலம் பாரித்த வெண்புகை கிளம்புகிறது. ‘டர்போ போயிடுச்சு சார்’ என்று சொல்லிப் புதியது மாட்டுவார்கள். புதியதும் அதே புகையைத்தான் தள்ளும்.

பூட்டும் வேலையில் முதலில் பார்க்க வேண்டியது கோணம். டர்போவிலிருந்து எண்ணெய் வெளியேறும் வாய் நேர்கீழே பார்க்க வேண்டும். சாய்வு தவிர்க்க முடியாவிட்டாலும் முப்பது டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நடு ஹவுசிங்கின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினாலே பல வண்டிகளில் இது சரியாகிவிடும். அங்கிருந்து சம்ப் வரை ஹோஸ் ஒரே இறக்கமாக வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து மறுபடி மேலேறினால், அந்தத் தொய்வில் எண்ணெய் நின்று வழியை அடைக்கும்.

சம்ப்பில் துளை போடும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கிராங்க் எண்ணெயை வீசியடிக்கும் பக்கமாகவும் இருக்கக் கூடாது. துளை போட சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் மிச்சம் என்று வண்டியிலேயே வைத்து டிரில் செய்தால், உள்ளே விழும் துருவல் பேரிங்குகளுக்கு எமன். கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மரை போட்ட புஷ்ஷை வெல்டிங் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.

ரேடியேட்டருக்குப் போடும் சாதாரண ரப்பர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். காற்றுக்குப் போடும் சாதா சிலிக்கான் ஹோஸும் எண்ணெய்க்கு ஆகாது. சூடும் எண்ணெயும் தாங்கும் ஹோஸ், அதன் மேல் ஸ்டீல் பின்னல், எக்ஸாஸ்ட் பக்கத்தில் வெப்பம் தடுக்கும் உறை, இவை மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேஸ்கெட்டின் துளையும் டர்போவின் வாயும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவது கூடவே கூடாது. பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து, உடைந்து, ஹோஸுக்குள்ளேயே அடைப்பாகும்.

ஹோஸில் குறையே இல்லாமலும் புகை வரலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் சம்ப்புக்குள் வாயு அழுத்தம் ஏறி, இறங்கிவரும் எண்ணெயை மேலே தள்ளும். அப்போது எஞ்சினின் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். டர்போவே சம்ப்புக்குக் கீழே தாழ்ந்து உட்காரும் வண்டிகளில் எண்ணெய் தானாக இறங்காது. அதை உறிஞ்சித் தள்ளத் தனி பம்ப் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதெல்லாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகும் வண்டிக்குப் பொருந்தும். சாலையில் ஓடும் வண்டி என்றால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

கம்பெனியிலேயே டர்போவோடு வந்த டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டு ஓட்டினால், ரிட்டர்ன் பைப்பின் உள்சுவரில் கரி படிந்து வழி குறுகும். உங்கள் வண்டி ஐடிலில் புகைந்து, மெக்கானிக் டர்போவை மாற்றச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.