மனச்சான்றின் விலை



2015 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரித்தது. கென்டக்கி மாநிலத்தின் ரோவன் மாவட்டப் பதிவதிகாரி கிம் டேவிஸ், விசுவாசத்தைக் காரணங்காட்டி, எவருக்குமே திருமண அனுமதிப்பத்திரம் வழங்க மறுத்தார், உதவியாளர்களையும் தடுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார். 2016இல் படிவத்திலிருந்து பதிவதிகாரியின் பெயரை நீக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது.

மனச்சான்றின்படி மறுப்பது அரச ஊழியருக்கும் உரிய மனித உரிமை என்றார் திருத்தந்தை பிரான்சிஸ். உண்மையே. ஆயினும், தான் விலகி நிற்பது வேறு. பிறர் வழியை மறிப்பது வேறு. புனித தோமஸ் மோர் 1532இல் பதவியைத் துறந்தார். 1535இல் உயிரையும் ஈந்தார். தம் மறுப்பால் எவருடைய வழியையும் அவர் மறிக்கவில்லை.

மேசைக்கு அப்பால் நிற்பவரும் இறைச்சாயலே. நம் மனச்சான்றின் விலையை நாமே செலுத்துகின்றோமா, பிறர்மீது சுமத்துகின்றோமா? சிந்திப்போம்.