எலும்பின் இடுக்கில் நுழையும் ஒலி

கருப்பையிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக்கூடக் காட்டிவிடும் கேளா ஒலிக் கருவி, இடுப்புவலிக்காரரின் முதுகில் வைத்ததும் திணறுகிறது. ஏன் தெரியுமா?

நம் செவிக்கு எட்டும் ஒலியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயிற்றின் ஆழத்தைக் காண மருத்துவர்கள் செலுத்துவதோ சுமார் 35 லட்சம் ஹெர்ட்ஸ் ஒலி. அது உடலின் மென்பகுதிகளில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். 10 செ.மீ. ஆழத்தில் மோதித் திரும்ப, ஒரு நொடியில் லட்சத்தில் 13 பங்கு நேரம் போதும். இந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்துக் கருவி படம் வரைகிறது.

எலும்பு குறுக்கிட்டால் இது நடக்காது. ஒலியின் கணிசமான பகுதி எலும்பின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். உள்ளே நுழைந்ததையும் எலும்பு விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் வெறும் கரிய நிழல்தான்! பிறந்த குழந்தைக்கு முதுகெலும்பின் பின்பகுதி இன்னும் முழுவதும் எலும்பாகாததால், முதல் சில மாதங்களில் தண்டுவடத்தையே இக்கருவியால் பார்க்கலாம். பெரியவர்களிடம் அது முடியாது.

இடுப்பில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தைபோல அமைந்தவை வட்டத்தட்டுகள். 'டிஸ்க்' என்கிறோமே, அவைதாம். வெளியே நார் வளையம், நடுவே நுங்கைப் போல் நீர் நிறைந்த கூழ். கூழ் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு பின்னால் வந்து நரம்பை அழுத்தினால், வலி காலுக்கும் இறங்கும்.

நல்லவேளையாக, தட்டு எலும்பன்று. ஒலி அதனூடே போகும். ஆகவே எலும்புகளுக்கு இடையே அதுவே ஒரு சன்னல். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின் வழியாக இச்சன்னலை நோக்கி ஒலியைச் செலுத்துகிறார்கள். ஆனால் குடலிலுள்ள வாயு ஒலியைத் திருப்பிவிடும். பருத்த உடலில் ஆழமும் கூடிவிடும். முதுகுப்புறம் வழி குட்டைதான், ஆனால் இடுக்கு குறுகியது. முன்னோக்கிக் குனிந்தால் அது சற்று அகலும்.

இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகர எலும்பு மருத்துவர் ரிச்சர்ட் போர்ட்டரும் குழுவினரும் முதுகுப்புறமிருந்து ஒலியைச் சாய்வாகச் செலுத்தித் தண்டுவடக் கால்வாயின் அகலத்தை அளந்து, 1978இல் வெளியிட்டனர். துணிச்சலான முயற்சிதான். ஆயினும் இத்தகைய அளவீடு செய்பவரின் கைப்பழக்கத்தைப் பெரிதும் சார்ந்தது. ஒலி அலையின் நீளமே அரை மில்லிமீட்டரை நெருங்கும்போது நுட்பமான வேறுபாடுகள் எப்படித் தெரியும்?

எனவே தட்டின் நிலையை அறிய இன்றும் எம்.ஆர்.ஐ. படமே நம்பகமானது. அது நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு படமெடுப்பதால், கூழ் வறண்டு போனதும் தெரியும். ஆனால் அந்தப் பெரும் காந்தத்தைச் சிற்றூருக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? கேளா ஒலிக் கருவி ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் இதைக் கைவிடவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இயலாது. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் பிடித்தனர். அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஒரு தட்டாவது புடைத்திருந்தது! எனவே படுத்திருக்கும் நோயாளியின் காலை மடக்காமல் மெல்ல உயர்த்தி, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கும் பழைய சோதனையை மருத்துவர்கள் இன்னும் விடவில்லை.