மாநாட்டுப் பந்தலில் உளவியல்

(இரண்டாம் ஆண்டு, முதுகலை உளவியல்)

மாநாடு என்றதும் மேடையும் பொன்னாடையும் ஒலிபெருக்கியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அறிஞர் மாநாடு அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஒரு துறையில் உழைப்போர் ஓரிடத்தில் கூடித் தாம் ஆராய்ந்து கண்டதை எடுத்துரைத்து, பிறர் தொடுக்கும் வினாக்களுக்கு விடையளிக்கும் இடம் அது. உளவியலாரின் முதல் அனைத்துலக மாநாடு 1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடியது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டில் உளவியலுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. எங்கள் துறையும் சிறிய அளவில் இருநாள் மாநாடு ஒன்றை நடத்த முன்வந்தபோது, முதுகலை மாணவர்கள் 14 பேர் தொண்டர்களாகப் பெயர் கொடுத்தோம். நாற்காலி போடவும் தேநீர் வழங்கவும்தான் ஆள் சேர்க்கிறார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். அந்த வேலையும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மாநாட்டில் யார் பேசுவது, எத்தனை பேர் காதில் விழும்படி பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் பல மேடைக்குப் பின்னால்தான் நடைபெறுகின்றன. அவற்றில் சிலவற்றை ஈண்டு விளக்க விரும்புகிறேன்.

முதல் வேலை, தபாலிலும் மின்னஞ்சலிலும் வந்து சேர்ந்த 61 ஆய்வுச் சுருக்கங்களிலிருந்து எழுதியவர் பெயரையும் கல்லூரிப் பெயரையும் நீக்கிவிட்டு, எண் மட்டும் இட்டு ஆசிரியர் குழுவிடம் கொடுப்பது. இத்தனை ஒளிவு மறைவு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலார் பீட்டர்ஸ், செசி ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தரும். புகழ்பெற்ற நிறுவனங்களைச் சேர்ந்தோர் எழுதி ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கற்பனையாக மாற்றி, அவை வெளிவந்த அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பி வைத்தனர். மூன்று கட்டுரைகள் மட்டுமே பழையவை என்று பிடிபட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு, தரமில்லை என்று திருப்பப்பட்டன! அந்த ஆய்வின் முறையைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆயினும் பெயர்ப்பலகை நம் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

எங்கள் மாநாட்டில் 31ஆம் எண்ணுக்கு ஆசிரியர் மூவரும் உயர்ந்த மதிப்பெண் அளித்திருந்தனர். பீடி சுற்றும் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளின் தேர்வு அச்சத்தைப் பற்றிய ஆய்வு அது. பட்டியலைத் திறந்து பார்த்தபோது, எங்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சிற்றூர்க் கல்லூரியின் மாணவி எழுதியது என்று தெரிந்தது.

அடுத்தது வேலைப் பங்கீடு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் பெரியோர். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் உண்மையாகவே ஆட்களை வடம் இழுக்கச் செய்து அளந்து, 1913ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே இழுத்த வலிமையின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழப் பாதியே கிடைத்ததாம். இழுப்பு ஒருசேர அமையாதது ஒரு காரணம். கூட்டத்தில் நம் பங்கு தெரியவா போகிறது என்ற எண்ணம் மற்றொன்று. பின்னதற்கு 1979ஆம் ஆண்டில் லடானே முதலியோர் சமூகச் சோம்பல் என்று பெயரிட்டனர். அவரவர் பங்கு தனியே தெரியும்போது இச்சோம்பல் குறையும் என்றும் பின்னர் காட்டினர். ஆகவே 'வரவேற்புக் குழு' என்று பொதுப்படையாக எழுதாமல், விடுதி அறைச் சாவி யாரிடம், குடிநீர் யார் பொறுப்பு, சான்றிதழில் பெயர்ப்பிழை பார்ப்பவர் யார் என்று ஆளுக்கொரு வேலையாக எழுதித் துறைச் சுவரில் ஒட்டினோம். அதன்பின் எவரையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

நேரத்தைப் பங்கிடுவதுதான் பெரும்பாடு. அழைப்பிதழின் முதல் வரைவில் தொடக்க விழாவிற்கு ஒரு மணி நேரமும், மாணவர் கட்டுரைகளுக்கு இரண்டாம் நாள் மாலை மூன்று மணியும் ஒதுக்கப்பட்டிருந்தன. விழா நீண்டால் அமர்வுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நசுங்குவது மாணவர்தான். வெளியூர்ப் பேராசிரியர்களோ ரயிலுக்கும் பேருந்துக்கும் கிளம்பிவிடுவார்கள்.

கானமன், ட்வர்ஸ்கி என்ற இருவர் 1979ஆம் ஆண்டில் திட்டமிடல் மயக்கம் என்ற கருத்தை எடுத்துரைத்தனர். எடுத்த வேலை எளிதில் முடிந்துவிடும் என்று கருதுவது மனித இயல்பு. கனடாவில் உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டனர். அவர்கள் சொன்னது சராசரி 34 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கும் 49 நாள் என்றே சொல்லியிருந்தார்கள்! இது 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. இம்மயக்கத்திற்கு மருந்து, நம் கணிப்பை ஒதுக்கிவிட்டு, முன்பு இத்தகைய வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்ப்பதே. பழைய விழாக்களின் புகைப்படங்களில் பதிவாகியிருந்த நேரத்தைக் கொண்டு கணக்கிட்டோம். ஒரு மணி நேர விழா ஒன்றுகூட இரண்டு மணிக்குக் குறைந்து முடிந்ததில்லை.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் சென்றோம். வாழ்த்துரை வழங்குவோரில் எவர் பெயரையும் எடுக்க இயலாது என்றார். அது நியாயமே, அவருக்கும் சங்கடங்கள் உண்டு. எனவே விழாவிற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மாணவர் அமர்வை இரண்டாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மாற்றக் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு இசைந்தார். தொடக்க விழா இரண்டு மணி பத்து நிமிடம் நடந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மணி அடிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பேச்சுக்கு 15 நிமிடம். 12ஆம் நிமிடத்தில் ஒரு மணி, 15இல் இரண்டு. பேராசிரியர்முன் மாணவி மணியடித்தால் மரியாதைக் குறைவு ஆகாதா என்று தோழியர் அஞ்சினர். முன்கூட்டியே கடிதத்தில் எழுதி, அமர்வுத் தலைவரும் மேடையில் அறிவித்துவிட்டதால் எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும் முதல் மணியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இரண்டாவது மணிக்குப் பிறகும் நான்கு நிமிடம் பேசினார்.

31ஆம் எண் மாணவி இரண்டாம் நாள் காலை முதலாவதாகப் பேசினார். அரங்கில் இருக்கைகள் அநேகமாக நிரம்பியிருந்தன. குரல் தொடக்கத்தில் சற்று நடுங்கியது. அட்டவணைகளை விளக்கத் தொடங்கியதும் தெளிந்துவிட்டது. 14 நிமிடத்தில் முடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்து, அந்தப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய் அம்மா என்று கேட்டார். அதற்கு விடை வந்ததும் பின் வரிசையிலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. ஐந்து நிமிடக் கேள்வி நேரம் பதினைந்தாயிற்று. அமர்வுத் தலைவர் என் பக்கம் திரும்பி, மணி வேண்டாம் என்று கையசைத்தார். வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.