கைபேசி: முழு விலையா, தவணையா?

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் கைபேசி வாங்கப் புகும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது: முழு விலையையும் கொடுப்பதா, தொலைபேசி நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்து பெறுவதா?

2003-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் நிறுவனம் முதலில் ரூ. 501 மட்டும் பெற்றுக்கொண்டு கைபேசி வழங்கியது. எஞ்சியதை மாதந்தோறும் செலுத்த வேண்டியிருந்தது. ஏழை எளியோர் கையிலும் கைபேசி தவழ்ந்தது, நன்மையே. ஆனால் அக்கருவி பிற நிறுவனங்களின் இணைப்பில் இயங்காது. பின்னாளில் அந்தச் சேவை நின்றபோது கருவியும் பயனற்றுப் போயிற்று.

முழு விலைக்கு வாங்கிய, பூட்டப்படாத கருவியிலோ எந்நிறுவனத்தின் சிம் அட்டையையும் இடலாம். 2015 ஜூலை முதல், மாநிலம் மாறினாலும் பழைய எண்ணுடனேயே வேறு நிறுவனத்திற்கு மாறலாம்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு இவ்வுரிமை பெரிது. ஆகவே, தவணைகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, கட்டுப்பாடுகளைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவோமாக.